ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

“எங்கம்மா தெரியும்னுதானே சொன்னாங்க, நீங்க ஏன் தெரியாதுன்னு போட்டீங்க?”

கேட்டவளுக்கு ஏழு வயது. வயதுக்கு உயரம் போதாது என்பதால் தெருவே அவளைச் சுண்டு என்று கூப்பிட்டது. அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். என் தோளோரம் நின்று, என் மடியிலிருந்த படிவத்தை விரல்வைத்து வாசித்துவிட்டாள்.

நான் கல்லூரியில் மார்க்கெட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் ஒரு கள ஆய்வு. பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துப் பொடி விற்கும் கம்பெனி ஒன்று, கேள்விகளையும் அச்சடித்துக் கொடுத்து எங்களை அறுபது வீடுகளுக்கு அனுப்பியது. ஒன்பதாம் கேள்வி, இந்தப் பொடியை ஏன் வாங்குவதில்லை என்பது. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: தெரியாது, பிடிக்காது, நம்பிக்கையில்லை. விலைக்குக் கட்டம் இல்லை. அதை வகுப்பில் கேட்டபோது, விலை நம் கையில் இல்லை, நம் கையில் இல்லாததைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்றார் சார். அவர் எதைச் சொன்னாலும் நியாயமாகவே தோன்றும்.

சுண்டுவின் அம்மா வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவர். சாக்கு சாக்காகச் சட்டைகள் வரும், தைத்து முடித்ததை வேன்காரர் வந்து எடுத்துப்போவார். பொடியைப் பற்றி நன்றாகவே தெரியும் என்றார். விலை கட்டுப்படியாகாது, அந்தக் காசில் மாதம் முழுக்க முட்டை கொடுத்துவிடலாம் என்று விளக்கமாகவே சொன்னார். மகளின் உயரத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

“நானே ஸ்டூல் போட்டுத்தான் லைட் ஸ்விட்ச்ச தொடுறேன். இவ மட்டும் எங்கேருந்து வளருவா?”

சிரித்துக்கொண்டே ‘தெரியாது’ கட்டத்தில் டிக் அடித்தேன். எந்தக் கட்டத்திலாவது அடித்தாக வேண்டும். அப்போதுதான் சுண்டு அப்படிக் கேட்டாள். அம்மா அவளை அதட்டினார். “அக்கா காலேஜ் படிக்கிறவங்க. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?”

எனக்கு முகம் சுட்டது. அதை மறைக்கப் பையை எடுத்து மூடப் போனேன். பையின் பொத்தான் அறுந்து தொங்கியது. அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இப்படிப் பாரும்மா. நாலு தடவ குறுக்க. அடியில மூணு சுத்து. அப்புறந்தான் முடிச்சு. இனிமே துணி கிழிஞ்சாலும் இது விழாது.”

என்ன கொடுக்கட்டும் என்று கேட்டேன். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் கட்டையில் கிடந்த அட்டையிலிருந்து பிரஷர் மாத்திரை ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி ஊசியை எடுத்தார்.

எங்கள் குழுவில் மனக்கணக்கில் சதவீதம் போடும் ஒருத்தி இருந்தாள், பெயரே கால்குலேட்டர். அறுபதில் நாற்பத்தொன்று ‘தெரியாது’ என்று கூட்டி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட தாய்மாருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதினாள். பரிந்துரைப் பகுதியை நான் எழுதினேன். ‘வீட்டு வாசலுக்கே போய்ப் பிள்ளையின் உயரத்தை அளந்து காட்டுங்கள். குறையைக் கண்ணால் பார்த்த தாய் வாங்காமல் இருக்கமாட்டாள்.’ அந்த இரண்டு வரிகளைச் சார் வகுப்பில் உரக்க வாசித்தார். கம்பெனிக்காரர்கள் எனக்கு வேலையே கொடுத்தார்கள். அன்று கடவுளுக்கு மனமார நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொல்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து, பொடியால் பலன் உண்டா என்று கேட்க அதே தெருக்களுக்கு என்னையே அனுப்பினார்கள்.

சுண்டு கதவைத் திறந்தாள். பத்து வயது. கதவு நிலையில் எங்கள் கம்பெனியின் உயரம் அளக்கும் அட்டை ஒட்டியிருந்தது. அதில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கடுகளவு இடைவெளியில் ஏறியிருந்தன. உள்ளே அம்மா இல்லை. எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், தைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டதாகவும், வலது கை இனி வராது என்று டாக்டர் சொன்னதாகவும் அவள் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள். அங்கே துணைக்குச் சித்தி இருக்கிறாள். அப்பா என்று யாரும் அந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை.

எப்படி ஆனது என்று கேட்டேன்.

“வெள்ளக் கோட்டு போட்ட அக்காங்க வந்து அளந்தாங்க. நாலு விரல் கம்மி, இப்படியே விட்டா பின்னாடி அழுவீங்கன்னாங்க. அதுலேருந்து அம்மா டப்பா வாங்குது. டப்பா வாங்குற மாசம் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கும்.”

குறை சொல்லும் குரலே இல்லை அவளிடம். ஜன்னல் கட்டையில் மாத்திரை அட்டை பாதி பிரிக்காமல் கிடந்தது.

“அன்னைக்கு நீ கேட்டது சரிதான். நான்தான் தப்பா போட்டேன்” என்றேன்.

“என்ன கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்று வாளியை மூடினாள்.

மூலையில் ஒரு சாக்கு நின்றது. அம்மா தைத்துக்கொண்டிருந்த சாக்கு, ஏழெட்டுச் சட்டைகள் பாக்கி. ஐந்து மணிக்கு வேன் வரும், ஒரு சட்டை குறைந்தாலும் வேன்காரர் மொத்தத்தையும் கழித்துவிடுவார் என்றாள். அவளும் தைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு சட்டைகளில் பொத்தான்கள் கோணலாகத் தொங்கின. போகட்டும், கஞ்சி ஆறிவிடும் என்று செருப்பை மாட்டினாள்.

நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன்.

“உக்காருங்க. போறப்ப பூட்டி சாவிய ஜன்னல்ல வச்சிருங்க. உங்களத்தான் தெரியுமே, பொத்தான் அக்கா.”

அந்த வாரம் நான் எடுத்த படிவங்களில் கட்டங்களை விட்டுவிட்டு, அவரவர் சொன்னதை அவரவர் வார்த்தையில் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் எழுதியதை யாரும் கூட்டமாட்டார்கள் என்று மேனேஜர் திருப்பித் தந்தார். வருடம் முடியுமுன் என்னையும் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டுகள் வேறு தெருக்களுக்குப் போயின. இன்று வேறோர் இடத்தில் கேள்வித்தாள் தயாரித்துப் பிழைக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு கோடுகளைக் காலியாக விடுகிறேன். கல்லூரி எனக்குக் கொடுத்த படிப்பு கடைசியில் அந்த இரண்டு கோடுகள்தாம். அதைச் சார் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் அன்று மதியம் இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. சுண்டு தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாக்கின் மேலே இருந்த சட்டையில் மூன்றாவது பொத்தானில் ஊசி குத்தியபடியே நின்றிருந்தது. அந்தப் பொத்தானைத் தைக்கும்போதுதான் அவர் சாய்ந்திருக்க வேண்டும். ஊசியைப் பிடுங்க மனம் வரவில்லை. அதே நூலில் தொடர்ந்தேன்.

நாலு தடவை குறுக்கே. அடியில் மூன்று சுற்று. பிறகு முடிச்சு. முதல் சட்டைக்கு அரை மணி ஆனது. விரல் நுனியில் இரத்தம் கசிந்தபோது துணியில் படாமல் துடைத்துக்கொண்டேன். சுண்டுவின் கோணல் பொத்தான்களை அவிழ்க்கவில்லை, அடியில் சுற்றி இறுக்கிவிட்டேன். வேன்காரருக்கு அம்மா தைத்தது என்று தோன்றும். அம்மாவுக்கு மகள் தைத்தது என்று தோன்றும். மகளுக்கு என்மேல் சந்தேகம் வரலாம், ஆனாலும் சித்தியைக் கேட்பாள், சித்தி யாரையாவது நினைத்துக்கொள்வாள். அவர்கள் குழம்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாலரை மணிக்குக் கடைசி நூலைப் பல்லால் கடித்தேன். சட்டைகளை மடித்து, சாக்கின் வாயைக் கட்டி, கதவருகே நிறுத்தினேன். கதவு நிலையிலிருந்த உயர அட்டையை ஒரு மூலையிலிருந்து மெல்லப் பிய்த்து எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டேன். அது இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. பூட்டினேன். சாவியை ஜன்னல் கட்டையில், மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தெருவில் யாரும் இல்லை.