ஸ்டோர் ரூம் சாவி

கந்தப்பன் பொய் பேசுகிற ஆள் இல்லை. தோப்பில் தேங்காய் விலை பேசினாலும் சரி, சொந்தத்தில் சம்பந்தம் பேசினாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் மகன் சரவணனின் கல்யாணத்துக்காக இரண்டே இரண்டு பொய் சொன்னார். இரண்டும் பெற்ற பிள்ளைகளிடம்.

எல்லாம் இணைச்சீரால் வந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது. கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவளிடம். சரவணனுக்கு இருப்பது ஒரே அக்கா, மகுடேஸ்வரி. நாலு வருசத்துக்கு முன்னால் பொள்ளாச்சி ரோட்டில் லாரி மோதி அவள் புருசன் போய்ச் சேர்ந்தான். புருசனைப் பறிகொடுத்தவள் சீரில் எப்படி நிற்பாள் என்று யாரும் வந்து கேட்கவில்லை. கேட்பார்கள் என்று கந்தப்பனே முடிவு கட்டிக்கொண்டார்.

மகளிடம், "பொண்ணு ஊட்டுல ஒரு மாதிரி நெனைப்பாங்களாட்ட இருக்குது கண்ணு. தம்பியும் சித்தப்பன் மக ரித்திகாவே நிக்கட்டுங்கறான்" என்றார்.

மகனிடம், "அக்காளைக் கேட்டேன், வேண்டாங்கறா. நீ போய்க் கிளறாதே, அழுதுபோடுவா" என்றார்.

மகுடேஸ்வரி "சரிங்கப்பா" என்றாள். சரவணன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரு வீட்டுக்குள்ளேயே அளந்து அளந்து பேசிக்கொண்டார்கள். கல்யாண வேலையில் அதையெல்லாம் கவனிக்க அவருக்கு எங்கே நேரம்! மகளை ஒதுக்கிவிட்டதாகவும் ஆகக் கூடாதே என்று மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியை அவள் கையில் கொடுத்தார். "நம்மாளுகிட்ட இருந்தாத்தான் கண்ணு எனக்கு நிம்மதி" என்றார். ஏதோ பட்டம் கட்டிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வேறு.

கிணத்துக்கடவு மண்டபத்தில் முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. ரித்திகா வந்து நின்று இணைச்சீர் முடிந்தது, தாலியும் கட்டியாயிற்று. ஆசீர்வாதம் செய்ய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சீர்களைச் செய்து வைக்கும் அருமைக்காரர், "ஏனுங்க, இன்னொரு தட்டு வேணுமுங்க" என்று குரல் கொடுத்தார். சுற்றி நின்ற இளவட்டங்கள் எல்லாம் செல்ஃபியில் மும்முரமாக இருந்தார்கள். கந்தப்பனே பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

"தட்டு சமையக்கட்டுல இருக்குதுங்கப்பா. உக்காருங்க, எடுத்துட்டு வாரேன்" என்று மகுடேஸ்வரி எழுந்து போனாள்.

அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேரில் அவர் உட்கார்ந்தார். எதிரே மேடைப் பக்கத்து ஜன்னலை மறைத்துத் தண்ணி பாட்டில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. நேற்று அவரே நின்று அடுக்க வைத்தவை. இப்போது ஒரு வரிசையை யாரோ நகர்த்தியிருந்தார்கள். நடுவில் ஒரு சாண் சந்து. சேர் அதற்கு நேராகப் போட்டிருந்தது. அதன் வழியே மேடை தெரிந்தது. முழு மேடையும் இல்லை. சரவணன் நிற்கிற இடமும், அவனுக்குப் பக்கத்தில் காலையில் ரித்திகா நின்ற இடமும் மட்டும்.

காலையிலிருந்து மேடையில் நின்றபடி எத்தனை தடவை இந்தப் பக்கம் பார்த்திருப்பார்! அங்கிருந்து பார்த்தால் பெட்டிகள்தான் தெரியும். கண்ணில் படாத மகள் சௌகரியமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

மகுடேஸ்வரி தட்டோடு வந்தாள். அவர் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டாள்.

"ரித்திகா பாதிதானுங்க தெரிஞ்சா. நீங்க நல்லாத் தெரிஞ்சீங்க. கூறைச்சேலை முனையை நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க?"

குத்திக்காட்டிய குரல் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னாள்.

ஆமாம், அவர்தான் எடுத்துக் கொடுத்தார். பொண்டாட்டி செத்து ஆறு வருசமான கந்தப்பன்! தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தவரும் அவர்தான். 'பொண்டாட்டியை முழுங்கினவன், பின்னால நில்லு' என்று ஒருத்தராவது சொன்னார்களா? அவருக்கே ஒரு நிமிசமாவது தோன்றியதா? ஊர் பேசும் என்று அவர் பயந்தது தன் காதில் விழுமே என்றுதான். அதற்கு மகள் மனசு நோகும் என்று பேர் வைத்துக்கொண்டார்.

"அம்மணி, தம்பி உன்னைய வேண்டாங்கலை. பொண்ணு ஊட்டுலயும் ஒண்ணும் சொல்லலை. எல்லாம் நாந்தான். அவங்கிட்ட நீ வேண்டாங்கறேன்னு சொல்லிப்போட்டேன்."

மகுடேஸ்வரி முந்தானையால் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"அதுதான் அவன் எம்மூஞ்சியவே பாக்கலீங்களா?"

"இப்பவாச்சும் வா கண்ணு. மேடையில எல்லாருத்துக்கும் முன்னால வந்து நில்லு."

"இணைச்சீரு ஒருக்காத்தானுங்கப்பா." அவள் கண் தளும்பிவிட்டது. தட்டை நீட்டினாள். "கொண்டு போங்க. காத்துட்டு இருப்பாங்க."

கந்தப்பன் வாங்கிக்கொண்டு வந்தார். வழியில் யார் யாரோ கை கொடுத்தார்கள். மேடையேறித் தட்டை அருமைக்காரரிடம் கொடுத்துவிட்டு மகன் பக்கத்தில் போய் நின்றார். "அப்பா, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோக்காரன். அவர் மகனின் காதுப் பக்கம் குனிந்தார்.

"அக்கா வேண்டாங்கலை சாமி. அவளை நான் கேக்கவே இல்லை. நீதான் ரித்திகாவைக் கேட்டேன்னு அவகிட்டப் பொய் சொல்லி வெச்சிருக்கேன்."

சரவணன் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு புதுப்பெண்ணிடம் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு, கழுத்து மாலையோடு மேடையை விட்டு இறங்கி நடந்தான்.

"மாப்பிள்ளை எங்கீங்க போறாரு?" என்று அருமைக்காரர் பதறினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கந்தப்பனைப் பார்த்தார்கள்.

"அக்காளைப் பாக்கப் போறானுங்க" என்றார் கந்தப்பன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "இணைச்சீருக்கு நிக்க வேண்டியவளை நாந்தானுங்க ஸ்டோர் ரூமுல உக்கார வெச்சுப்போட்டேன்."

தான் நிற்பது அந்த ஒரு சாண் சந்தில் தெரிகிற இடம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கிருந்து நகர்ந்து, மேடையின் கடைசியில், நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.