ஏழு வாளிக் கன்னியா

இரண்டு வாளி, ஒரு அண்டா, கறிச்சட்டி, பேசின், பழைய பால் சட்டி. அதற்கு மேல் பாத்திரம் அகப்படவில்லை. ஏழாவதாகச் சின்னவளின் பால் கோப்பையைக் கடைசியில் வைத்துவிட்டுத் தயாளினி இடுப்பில் கையூன்றி நின்று பார்த்தாள். திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் வட்டக்கச்சியில் அவளுடைய கிணற்றடிக்கே வந்துவிட்டன! ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடாம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் அடுப்பில் கொதித்த தண்ணீரை ஒன்றில் கொஞ்சமும் அடுத்ததில் இன்னும் கொஞ்சமுமாகக் கலந்துகொண்டே வந்தாள்.

நாளை விடியப்புறம் வாடகைக்குப் பிடித்த வான் வரும். கோணேசர் கோவில், கடல், பிறகு கன்னியா. ஐந்து வயது லக்சிகாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"அம்மா, அங்க றோட்டில மான் நிக்குமோ?"

"நிக்கும். நீ பிஸ்கட் குடுத்தாக் கிட்ட வரும்."

"அக்கா, மானாம்! வாவன், குளிப்பம்!"

பத்து வயது தேனுகா குசினிப் படியில் குந்தியிருந்தாள். அசையவில்லை. "நீ குளி. வான் வெளிக்கிட்ட பிறகு நான் நம்பிறன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியுமா? போன ஆவணி விடுமுறையிலும் இதே பயணம்தான். புதுச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை வாசலில் இருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள் என்று சேதி வந்ததும் தகப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்துவிட்டான். அன்றைக்கு அவள் அந்தச் சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டாள். திருகோணமலை எங்கே ஓடிவிடப் போகிறது? ஆனால் ஆசைப்படவே பயப்படுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? தயாளினிக்கு அதுதான் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

ஊரில் எல்லாருக்கும்தான் வயல் இருக்கிறது. முறைத் தண்ணீர் வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வயல்காரன் தண்ணீர் கட்டிவிடுவான். ஆனால் அவள் புருசன் இந்தக் குகதாசன் இருக்கிறானே, தன் மண்வெட்டியை இன்னொருவர் தொட விடமாட்டான். தன் வரப்பை இன்னொருவர் வெட்டினால் வானமே இடிந்து விழுந்துவிடும் என்று நினைப்பு! பக்கத்து வயல் கனகலிங்கத்தாரோடு போன போகத்தில் வாய்க்கால் மடைக்காகக் கத்தியவன், அதற்குப் பிறகு அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

லக்சிகா மூன்றாம் கிணற்றில் நின்று கூவிக்கொண்டிருந்தபோது குகதாசனின் போன் அடித்தது.

"என்ன, நாளைக்கோ தண்ணி விடினம்? வாற கிழமை எண்டெல்லோ சொன்னவை?"

தயாளினியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. தேனுகா எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "பாத்தீங்களே அம்மா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குகதாசன் சுவர் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். தோளில் போட்டான். வேலிப் படலையைத் திறந்தான்.

"போங்கோ! அந்த மண்வெட்டியோடயே குடும்பம் நடத்துங்கோ!" கிணற்றடி அதிரக் கத்தினாள் தயாளினி. "இனி இந்தப் பிள்ளையளுக்கு ஒரு ஆசையும் நான் காட்ட மாட்டன்!"

லக்சிகா பயந்துபோய் அண்டாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். தயாளினி அவளைத் துவட்டித் தூக்கிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

வெயில் சாயுமுன்பே படலை கிறீச்சிட்டது. வந்தவனின் தோள் வெறுமையாக இருந்தது.

"எங்க மண்வெட்டி?" தயாளினிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"கனகலிங்கம் அண்ணையிட்டக் குடுத்திட்டன். நாளைக்கு அவர் எங்கட வயலுக்கும் தண்ணி கட்டுவார்." குகதாசன் தலையைச் சொறிந்தான். "போய்க் கேக்க வெக்கமாத்தான் கிடந்தது. அந்த மனுசன் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, 'எட தம்பி, இதை நீ கையால விட்டு நான் கண்டதில்லையே' எண்டு சிரிச்சவர்."

உள்ளேயிருந்து தேனுகா வந்தாள். தகப்பனைப் பார்க்கவில்லை. நேரே சுவர் மூலைக்குப் போய், மண்வெட்டி சாத்தும் இடத்தைப் பார்த்தாள். அங்கே காய்ந்த சேறு மட்டும் உதிர்ந்து கிடந்தது. அதைப் பெருவிரலால் ஒருமுறை தட்டிவிட்டாள்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய வாளியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். தங்கச்சியின் கோப்பையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தாள். அந்த இடத்தில் வாளியை வைத்துவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கோப்பையெல்லாம் கிணறாகாது. எல்லாம் ஆறியும் போச்சு" என்றாள் தேனுகா. "திருப்பிக் கொதிக்க வையுங்கோ அம்மா. நான் இன்னும் குளிக்கேல்லை."