எதிரொலி இல்லாத குடோன்

முபஷ்ஷிரா குடோனின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினாள். தட்டியது ஒன்று, திரும்பி வந்தது நான்கு. தகரக் கூரையில் பட்டு ஒன்று, எதிர்ச் சுவரில் பட்டு ஒன்று, அப்புறம் எங்கெங்கோ முட்டிக்கொண்டு இரண்டு. மறுபடியும் தட்டிப் பார்த்தாள். நான்குதான். வியாழக்கிழமை வரைக்கும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த தோல் கட்டுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. சிமென்ட் தரையைக் கழுவிப் பினாயில் போட்டிருந்தது. மூலைக்கு மூலை ஊதுபத்தி. கல்யாண மண்டபத்து நாற்காலிகள் இருபது, முதுகில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. வாசலில் அவளுடைய அண்ணன் இஷ்தியாக் அகமது, வெள்ளைச் சட்டை கசங்காமல், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றார்.

"தோலெல்லாம் எங்க, பாய்ஜான்?"

"எதிர் ஷெட்ல. ரெண்டு நாளா ஆள் வெச்சி மாத்துனேன். இப்ப மூச்ச இழுத்துப் பாரு. இன்னா தெரியுது? மல்லிப்பூ பத்தி."

"எனக்கு அந்தத் தோல்தான் வேணும்."

அவர் சிரித்தார். தங்கை விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. அம்மாவுக்குத் தெரியாமல் சண்டை போட வேண்டும் என்று சின்ன வயதில் தமிழுக்கு மாறிப் பழகியவர்கள். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகியும் சண்டைக்குத் தமிழ்தான். அவள் தமிழில் ஆரம்பித்ததை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மணி பதினொன்றரை. பெங்களூரில் நேற்று வாசித்துவிட்டு நாளை சென்னையில் வாசிக்கப் போகிற இபான்ரி என்ற ஷில்லாங்காரி, இரண்டரை மணிக்கு இந்த வாசலில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஜாஸ் கச்சேரிகளில் டபுள் பேஸ் வாசிக்கிறவள். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்து நிற்க வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் அந்த வாத்தியம். வில்லைவிட விரல்தான் அதற்கு அதிகம் பேசும். விமானத்தில் ஏற்றினால் கழுத்து உடைந்துவிடும் என்று அவள் வேனிலேயே போகிறவள். பெங்களூரிலிருந்து சென்னைக்கு வேனில் போகிற எவரும் ஆம்பூரைத் தாண்டித்தானே போக வேண்டும்? இவ்வளவு வருஷம் ரயில் ஏறி இரண்டு பக்கமும் அலைந்தோமே, வாத்தியம் நம் தெருமுனையைத் தாண்டித்தானே போயிருக்கிறது என்று முபஷ்ஷிராவுக்கு உறைத்தது போன மாதம்தான். அன்றே கடிதம் எழுதினாள். நாலாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 'நாற்பது நிமிடம் நிற்கிறேன். காசு வேண்டாம். எதிரொலிக்காத ஓர் அறை மட்டும் வேண்டும்.'

எதிரொலிக்காத அறை என்றதும் அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணனுடைய குடோனில் நின்று கத்தினால் கத்தல் வாயிலேயே விழும். நாலு பக்கமும் தோல், சத்தத்தைத் தின்றுவிடும். "குடோன ஒரு நாள் குடுங்க, வெளியூர்லேர்ந்து ஒரு பொம்பள வாசிக்க வர்றாங்க" என்று மட்டும் கேட்டாள். குடோன்தான் ஏன் வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள்.

இத்தனையும் யாருக்காக? ஹெப்சிக்காக.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வருகிற பகல் ரயிலில், எதிர் சீட்டில் ஒரு நர்ஸ் அம்மா முந்தின நாள் கச்சேரியின் நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டு வந்தாள். முபஷ்ஷிராவின் பையிலும் அதே நோட்டீஸ். ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் வெட்டுகிறவள் அவள். ஒரு வெளிநாட்டு டெக்னீஷியன் ஒருமுறை பிரிவு முழுவதையும் சென்னைக்குக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார், எல்லோரும் கொட்டாவி விட்டார்கள், இவள் மட்டும் அந்தப் பெரிய வாத்தியத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹெப்சிக்கு நர்சிங் படிக்கும்போது தேவாலயத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டர் அதை வாசிக்கக் கேட்டுப் பழக்கம். குப்பம் ஸ்டேஷனில் பேச ஆரம்பித்தார்கள். ஆம்பூர் வந்தபோது ஹெப்சி கேட்டாள், "நீ எந்தப் பக்கம் உக்காந்த?" "இடது பக்கம். கழுத்துல ஓட்ற விரல் தெரியணும்ல." "அப்ப நீ நம்மாளு" என்று சொல்லி இறங்கினாள்.

அதற்குப் பிறகு பேஸ் வாசிக்கிறவர்கள் ஒன்பது பேரைச் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். பிறகு ஹெப்சியின் கணவர் தேவானந்தத்துக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. வேறு யாரும் ஊற்ற அவர் சம்மதிக்க மாட்டார். நாலு வருஷமாகப் பக்கத்து ஊரான மாதனூரைத் தாண்டி ஹெப்சி எங்கும் போனதில்லை. "நீ போய்ட்டு வந்து சொல்லு" என்றாள். முபஷ்ஷிரா இரண்டு முறை தனியாகப் போனாள், வந்து சொன்னாள். அளவு சொன்னால் செருப்புத் தைக்கலாம். இதைச் சொல்லி எதைத் தைப்பது? ஃபோனில் பதிவு செய்து கொண்டுவந்தால் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் வரவே வராது, மேலே டிக் டிக் என்று கடிகாரம் மாதிரிதான் கேட்கும். ஹெப்சி ஒரு நிமிஷம் காதில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருந்துச்சா? சரி" என்றாள். அந்த 'சரி'தான் முபஷ்ஷிராவைத் தூங்க விடவில்லை.

இப்போது இந்த நாலு எதிரொலி.

"பாய்ஜான், இதுல பேஸ் வாசிச்சா கிணத்துக்குள்ள அண்டாவ உருட்ன மாதிரிதான் இருக்கும். எல்லாத்தையும் திரும்பக் கொண்டாரணும்."

"தூக்கறவனுங்க எல்லாம் வாணியம்பாடி கல்யாணத்துக்குப் போய்ட்டானுங்க. அதுவும் இல்லாம" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்றது வெளியூர்ப் பொம்பள. மூக்கப் பொத்திக்கினு நிக்கணுமா இங்க? காலேஜ் ஹாஸ்டல்ல என் சட்டைய மட்டும் தனிக் கயித்துல காயப்போடச் சொன்னானுங்க. பதினெட்டு வயசு எனக்கு. அதெல்லாம் உனக்கு இன்னா தெரியும்?"

அவளுக்குத் தெரியாதுதான். அண்ணன் இதுவரை சொன்னதே இல்லை. அப்புறம் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, சந்தில் இறங்கி எதிர் ஷெட்டுக்குப் போனாள். ஒரு கட்டு இருபது கிலோவுக்குக் குறையாது. நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, லாரிக்கு வழிவிட்டு நின்று, திரும்பி வந்து, பின்சுவரோரம் போட்டாள். மறுபடி போனாள். மூன்றாவது கட்டில் மூச்சு வாங்கியது. ஆறாவதில் முதுகு பேசியது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது கட்டு வாசற்படியில் நழுவி விழுந்தபோது ஃபோனைப் பைக்குள் போட்டார்.

"அடியில கை குடு. இருபது வருஷம் தோல் வெட்ற, தோல் தூக்கத் தெரியல உனக்கு."

"நீங்க தூக்கியும் இருபது வருஷம் ஆச்சி."

"வாய் மட்டும் ஜாஸ்தி" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

ஒரு மணிக்குப் பின்சுவர் மூடியது. கைதட்டினாள். மூன்று. "மூணு" என்று அவரும் சொன்னார். அதற்குமேல் அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. பத்துக் கட்டுக்கு ஒருமுறை அவரே நடுவில் போய் நின்று தட்டிப் பார்த்தார். இடது சுவர் பாதி ஏறியபோது இரண்டு.

இரண்டேகாலுக்கு ஹெப்சி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். ஒன்றரைக் கஞ்சியை ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டு லில்லியை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நாலரைக் கஞ்சிக்கு வீட்டில் இருக்க வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

"கச்சேரின்னு கூப்ட்டு கூலி வேல குடுக்கறியாடீ?"

"அவங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்க்கா. அந்தக் கட்ட ஒரு பக்கம் பிடி."

ஹெப்சி பிடித்தாள். நோயாளியைப் புரட்டிப் பழகிய கை. தூக்கியதும் தெரியவில்லை, வைத்ததும் தெரியவில்லை.

"சென்னைல பாத்தோமே மொட்டை, ஞாபகம் இருக்கா?" என்றாள், சந்தின் நடுவில்.

"எந்த மொட்டை? ரெண்டு மொட்டை பாத்துருக்கோம்."

"செருப்பக் கழட்டிட்டு வாசிச்சானே, அவன். கடைசிப் பாட்டுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே விரல்ல வழுக்கிக்கினு வந்து, அடியில வந்து நின்னுட்டான் பாரு. எனக்கு அடிவயித்துல நின்னுச்சி அது."

"நீ அப்ப பின்னாடி திரும்பித் திட்டிக்கினு இருந்த."

"திட்டாம? சாக்ஸஃபோன் வாசிக்கறப்ப வாய மூடிக்கினு இருக்குதுங்க, பேஸ் தனியா வந்தா மட்டும் சமோசா கணக்கு பேசுதுங்க. மெதுவாதானே கேட்டேன், வீட்ல இடம் இல்லியாம்மா பேசறதுக்குன்னு."

"மெதுவாவா? மேடைல அவன் சிரிச்சிட்டான்."

"சிரிச்சானா?" ஹெப்சி கட்டோடு நின்றுவிட்டாள். "இத்தினி வருஷமா நீ சொல்லவே இல்லியே."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

இரண்டு ஐம்பதுக்கு இபான்ரியிடமிருந்து செய்தி வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு டேங்கர் குறுக்கே நின்று ஒரு மணி நேரம் வீணாகிவிட்டது, வந்து சேர மூன்றரை ஆகும். முபஷ்ஷிரா அதைச் சத்தமாகப் படித்தாள். கட்டுகளுக்கு நேரம் கிடைத்துவிட்டது என்று அண்ணன் முகம் மலர்ந்தது. ஹெப்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்து அடுத்த கட்டைத் தூக்கினாள்.

மூன்றே காலுக்கு வலது சுவரும் முடிந்தது. தரை அதிர வேண்டும் என்று முபஷ்ஷிரா பேக்கிங் பிரிவிலிருந்து கேட்டு வாங்கிய நாலு மரப் பலகைத் தட்டுகளை நடுவில் சேர்த்து, மேலே பிளைவுட் போட்டு ஆணி அடித்தார்கள். ஊதுபத்திகள் அணைந்து போயிருந்தன. குடோன் குடோனாகவே மணத்தது. இஷ்தியாக் அகமது நடுவில் நின்று தட்டினார். ஒன்று. தட்டிய அந்த ஒன்றும் கையிலேயே செத்தது. அவர் திரும்பித் தங்கையைப் பார்த்தபோதுதான் அவள் கவனித்தாள், அந்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சு முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகத் தோல் சாயம்.

வேன் வந்தபோது மூன்று முப்பத்தைந்து. இறங்கியவள் குள்ளமான, ஐம்பது வயதுப் பெண்மணி. வாத்தியம் அவளைவிட ஒரு முழம் உயரம். வாசற்படி ஏறி உள்ளே வந்ததும் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இஷ்தியாக் அகமது அசையாமல் நின்றார்.

அவள் விரலைச் சொடுக்கினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். கட்டுகள் பக்கம் போய் உள்ளங்கையால் ஒன்றை அழுத்தினாள். "யார் செய்த ஏற்பாடு?" என்று இந்தியில் கேட்டாள்.

"தோல்தான் அது" என்றார் அவர் உருதுவில், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"அது தெரிகிறது. ஷில்லாங்கில் ரெகார்டிங் பண்ண இப்படி ஓர் அறை கிடைக்காமல் வீட்டு மெத்தையெல்லாம் சுவரில் கட்டியிருக்கிறேன் நான்" என்றாள் அவள். பிறகு உறையின் ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தாள். வெயிலில் வந்த மரம், கொஞ்சம் ஆற வேண்டும், பத்து நிமிஷம் என்றாள்.

பத்து நிமிஷம். ஹெப்சி முதல் வரிசையில் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட், கையில் சாவி. முபஷ்ஷிரா அவள் காதருகே குனிந்து, "லில்லிக்கு ஃபோன் போட்டு ஒரு அரை மணி நேரம்" என்று ஆரம்பித்தாள்.

"வேணாம். அவரு கதவையே பாத்துக்கினு படுத்துருப்பாரு. இருக்கற நேரம் போதும்."

"போதாதுக்கா."

"முபி, வாய மூடு. கேக்க வந்துருக்கேன்."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு இபான்ரி பிளைவுட்டில் ஏறி நின்றாள். கம்பிகளை முறுக்கினாள், ஒரு பக்கமாகத் தலை வைத்துக் கேட்டாள், மறுபடி முறுக்கினாள். சந்தில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. இஷ்தியாக் அகமது வெளியே போனார். திறந்த கதவு வழியே முபஷ்ஷிராவுக்குத் தெரிந்தது. அவர் சந்தின் நடுவில், சாயம் அப்பிய சட்டையோடு, இரண்டு கையையும் நீட்டி நின்றார். லாரிக்காரன் ஜன்னலில் தலை நீட்டி என்னவோ கேட்டான். அவர் உதட்டில் விரல் வைத்தார். என்ஜின் நின்றது.

முதல் சுரம் வந்தது. அடிக் கம்பி, ஒரே ஒரு தட்டு. அது எங்கும் போய் முட்டவில்லை, திரும்பவில்லை. பலகையில் இறங்கி, சிமென்ட்டில் நடந்து, நாற்காலிக் காலில் ஏறி முபஷ்ஷிராவின் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. இபான்ரியின் இடது கை கழுத்தின் மேல் நிதானமாக நடந்தது, வழி தெரிந்தவள் இருட்டில் நடப்பதுபோல. முபஷ்ஷிரா ஹெப்சியின் பக்கம் திரும்பவே கூடாது என்று இருந்தாள். கண்ணை அந்த விரல்களில் வைத்தாள், வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே பிடித்தது என்று தெரியவில்லை.

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நாலு மணி.

அப்போது திரும்பினாள். ஹெப்சி எழுந்துவிட்டிருந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சாவியை விரலில் கோத்துக்கொண்டாள். வாசலுக்குப் போக மேடையைச் சுற்றித்தான் போக வேண்டும், போனாள். பிளைவுட் விளிம்பருகே வந்ததும் நின்றாள். ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு அந்தக் காலைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். இபான்ரி அவளைப் பார்த்தாள், வாசிப்பை நிறுத்தவில்லை, இன்னும் கீழே இறங்கினாள். ஒரு கால் பலகையில், ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியபடி, காது இரண்டையும் அடைத்த ஹெல்மெட்டுக்குள் ஹெப்சி நின்றுகொண்டிருந்தாள். தாடையின் கீழே பூட்டாத வார் மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.