அரை அங்குலப் பெட்ரோல்

இரண்டு லாரிகளும் ஒரே வருடம் வாங்கியவை. இரண்டுக்கும் ஒரே எஞ்சின். இரண்டிலும் எழுபது மூட்டை புளி ஏறும். விடிந்ததும் கிருஷ்ணகிரியில் கிளம்பி, சூளகிரி, ஓசூர் வழியாகப் போய், அத்திப்பள்ளியில் மைசூர் ராஜ்ய எல்லையைக் கடந்து பெங்களூர் சேரும். அங்கே புளியை இறக்கிவிட்டு, சோப்புப் பெட்டியும் துணி பேலும் ஏற்றிக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் அதே சாலையில் திரும்பிவிடும். அப்படியிருந்தும் கங்கப்பன் ஓட்டிய லாரி பதின்மூன்று கேலன் பெட்ரோல் குடித்தது. சென்றாயன் ஓட்டியது பன்னிரண்டுதான் குடித்தது. ஏதோ ஒரு நாள் இப்படி ஆனால் காற்று, வெயில் என்று எதையாவது காரணம் சொல்லலாம். இரண்டரை மாதமாக, ஒரு நாள் தப்பாமல், இதே கணக்குதான்.

இது கங்கப்பனின் சோற்றைப் பிடுங்கும் விஷயம். பெண்ணையாறு லாரி சர்வீசில் புது டிரைவர்களுக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். சேர்ந்த அன்றே மேனேஜர் கோவிந்தன் இருவரையும் நிற்கவைத்து விதிகளைச் சொல்லியிருந்தார். அஞ்சரை மணிக்கு வண்டி கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். லோடு இருக்கும்போது இருபத்தைந்து மைலுக்கு மேல் வேகம் கூடாது. வழியில் ஆள் ஏற்றக் கூடாது. ஒரு நடைக்குப் பன்னிரண்டரை கேலனுக்கு மேல் போகக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கடைசியாக, "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் நிரந்தர வேலை" என்றார்.

நியூட்ரல் விதிக்கு மட்டும் ஏன் அவ்வளவு கடுமை என்று கேட்கலாம். கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாரமே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும், ஆனால் அந்தப் பிடி போய்விடும். ஏழு டன் வண்டியையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் சூடேறினால் அதன் பிடியும் குறையும். அதற்குப் பிறகு மிதித்து ஒன்றும் ஆகாது.

கெலமங்கலத்துக்காரனான கங்கப்பன் இந்த வேலைக்காகத்தான் தேன்கனிக்கோட்டை பஸ் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, மனைவி சாந்தம்மாவோடு குடிவந்திருந்தான். சென்றாயன் கல்லாவிக்காரன். கங்கப்பனைவிட நாலு வயது இளையவன். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அவன்மேல் அத்தனை பிரியம். "சென்றாயனுக்குப் பூனைக் காலுப்பா. ஆக்சிலேட்டருக்கே வலிக்காது" என்பார்கள். பக்கத்தில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருக்கும் கங்கப்பனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

சென்றாயன் செருப்பில்லாமல் ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் கங்கப்பனும் செருப்பைக் கழற்றினான். அவன் எந்த மேட்டில் கியர் மாற்றுகிறானோ அதே மேட்டில் மாற்றினான். டயரில் காற்றைக் கூட்டினான். இருபதுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டான். பதின்மூன்று பதின்மூன்றாகவே நின்றது.

"அவன் கேப்பக் களிதான் துன்றான். நானும் அதேதான் துன்றன்" என்றான் ஒரு நாள் சாந்தம்மாவிடம்.

"வீட்டுக்கு வந்ததுல இருந்து அவன் பேர நாப்பது தடவ சொல்லிட்ட மாமா. எம் பேர ஒரு தடவயாச்சும் கூப்ட்டியா?" என்றாள் அவள். "பேசாம அவனையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம் நீ."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைக் காலம் முடிய எட்டு நாள் இருந்தது. மறுநாள் மாலை கோவிந்தனின் மேசை முன்னால் போய் நின்றான்.

"அய்யா, மேலுமலை எறக்கத்துல சென்றாயன் நியூட்ரல்ல வரான்."

கோவிந்தன் பேனாவை வைத்தார். "கண்ணால பாத்தியா?"

"பாத்தன்."

அவன் பார்க்கவில்லை. பெட்ரோல் மிச்சமாக அதைத் தவிர வேறு வழி இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த நாள் கோவிந்தனே சென்றாயனின் பக்கத்தில் உட்கார்ந்து பெங்களூர் போய் வந்தார். இறங்கியதும் யார்டில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு தடவ நியூட்ரல் இல்ல. கியர் கம்பி மேல எங் கையே இருந்துச்சி. டாங்குல வுட்ட அளவுக் குச்சி பன்னெண்டு காட்டுது." பிறகு கங்கப்பன் பக்கம் திரும்பினார். "கங்கப்பா, இன்னும் ஆறு நாளு. உன் வண்டியும் அதே காட்டணும். இல்லன்னா ஒண்ணாந்தேதி வராத."

சென்றாயன் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "கங்கண்ணா, என் வண்டியில ஏறிப் பாக்கணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல? பாவம், மேனேஜரய்யா முதுகு போச்சி."

மூட்டைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கங்கப்பனோடு பழையபேட்டை வரைக்கும் வந்தது.

நியூட்ரல் இல்லையென்றால் வேறென்ன? சொந்தக் காசில் வழியில் பெட்ரோல் வாங்கி ஊற்றுகிறானோ? மறுநாள் காலை கங்கப்பன் பங்க் சம்பங்கியைத் தனியாகப் பிடித்தான். யார்டுக்கு எதிரே, சாலை ஓரத்துச் சமதளத்தில் இருந்தது சம்பங்கியின் பங்க். தினமும் காலையில் கம்பெனி லாரிகள் எட்டும் அங்கேதான் டாங்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொள்ளும். பம்பின் உச்சியில் அரை கேலன் பிடிக்கும் கண்ணாடிக் குடுவை. கையால் அடித்தால் பெட்ரோல் அதில் ஏறும். நிரம்பியதும் குழாய் வழியாக டாங்குக்கு இறங்கும்.

"சம்பங்கண்ணா, நேத்து சென்றாயன் வண்டிக்கு எத்தன குடுவ ஊத்தின?"

"இருபத்தஞ்சி."

"எனக்கு?"

"உனக்கும் இருபத்தஞ்சிதான். ரெண்டு மாசமா அடிக்கிறன், எங் கை சொல்லும். எட்டு வண்டிக்கும் சேத்து ஒரே சீட்டுதான் எழுதுறன். இதுவரைக்கும் எவனும் இப்பிடிக் கேட்டதில்ல. இன்னாத்துக்குக் கேக்கற?"

கங்கப்பன் வண்டியில் ஏறினான். இருபத்தைந்து குடுவை என்றால் பன்னிரண்டரை கேலன். முதல் நாள் செலவானதுதான் மறுநாள் காலையில் ஊற்றப்படுகிறது. அப்படியென்றால் இருவருமே பன்னிரண்டரைதான் செலவழிக்கிறார்கள். ஆனால் யார்டில் குச்சி அவனுக்கு அரை கேலன் கூட்டிச் சொல்கிறது, சென்றாயனுக்கு அரை கேலன் குறைத்துச் சொல்கிறது. ஒரே குச்சி எப்படி இரண்டு விதமாகப் பொய் சொல்லும்? ஓசூர் வரைக்கும் அவன் அதையே யோசித்துக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சென்றாயனின் கால் அவன் நினைவில் வரவில்லை.

குச்சி என்பது கோவிந்தனிடம் இருந்த மூங்கில் சிம்பு. ஒரு அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டிருக்கும். ஒரு வெட்டுக்கு இரண்டு கேலன். வண்டி யார்டுக்குள் வந்து நின்றதும், குச்சியில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து டாங்கின் வாய்க்குள் நேராக விடுவார். நனைந்த கோடு எந்த வெட்டில் நிற்கிறது என்று பெட்ரோல் காய்வதற்குள் பார்த்துவிடுவார். மிச்சம் இவ்வளவு, அதனால் செலவு இவ்வளவு. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் குச்சியில் வித்தியாசம் அரை அங்குலம்.

அன்று மாலையும் கங்கப்பனுக்குப் பதின்மூன்று. சரக்கைப் பக்கவாட்டில் இறக்குவதற்காக வண்டியைத் திருப்பி, மூக்கை யார்டின் உள்பக்கமாக வைத்து நிறுத்தினான். கோவிந்தன் உள்ளே போனதும், தானே ஒரு மூங்கிலில் வெட்டுப் போட்டு வைத்திருந்ததை எடுத்து டாங்குக்குள் விட்டான்.

நனைந்த கோடு அரை அங்குலம் ஏறியிருந்தது.

நின்ற இடத்தில் பெட்ரோல் வளராது. அவன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் கொட்டினான். தண்ணீர் அவசரமில்லாமல், ஆனால் தயங்காமல், கேட் பக்கமாக ஓடியது. மழைத் தண்ணீர் தேங்காமல் போகட்டும் என்று யார்டைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஒரு லாரி நீளத்துக்கு நாலு விரல்கூட இருக்காது.

தட்டில் ரசத்தை ஊற்றி ஒரு ஓரத்தைத் தூக்கினால் ரசம் மறு ஓரத்துக்குப் போகும். லாரியின் டாங்கும் அப்படித்தான். நீளவாக்கில் கிடக்கும் டாங்குக்கு வாய் பின் கோடியில் இருந்தது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் பெட்ரோல் பின்னால் வந்து வாய்க்கு நேர் கீழே சேரும். குச்சி நிறைய நனையும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் பெட்ரோல் முன்னால் போய்விடும். குச்சி குறைவாக நனையும்.

சென்றாயன் சோம்பேறி. வந்த வேகத்தில் நேரே உள்ளே விட்டு, மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போவான். கங்கப்பனோ தினமும் ரிவர்ஸில் வந்து, மூக்கைக் கேட் பக்கம் வைத்து நிறுத்துவான். காலையில் சென்றாயனுக்கு முன்னால் வெளியே போக வேண்டும் என்பதற்காக இரண்டரை மாதமாக அப்படிச் செய்துகொண்டிருந்தான்.

இதை அப்போதே கோவிந்தனிடம் சொல்லியிருக்கலாம். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கங்கப்பன் அலுவலக வாசல்வரை போனான். உள்ளே சென்றாயன் ஏதோ சொல்ல, கோவிந்தன் சிரித்துக்கொண்டிருந்தார். கங்கப்பன் திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் அவன் முந்திக்கொண்டு திரும்பினான். சென்றாயன் வழக்கமாக நிறுத்தும் இடத்தில், மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். குச்சி பன்னிரண்டு காட்டியது. அரைமணி கழித்து வந்த சென்றாயனுக்கு மிச்சமிருந்தது கங்கப்பனின் இடம்தான். அங்கே நேராக நுழைய முடியாது, ரிவர்ஸில்தான் போக வேண்டும். குச்சி பதின்மூன்று காட்டியது. கோவிந்தன் சுண்ணாம்பைத் தேய்த்து இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். பதின்மூன்றுதான்.

"இன்னாடா சென்றாயா, பூனைக்கு யானக்கால் வந்துருச்சா?" என்றான் மூட்டைக்காரன் ஒருவன்.

அன்று வீட்டில் கங்கப்பன் இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டான். அடுத்த நாளும் அதேதான் நடந்தது. சென்றாயன் பிளக்கைக் கழற்றித் துடைத்தான், டயரைத் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கப் பார்க்க கங்கப்பனுக்கு இனித்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் மேலுமலை இறக்கத்தில் கங்கப்பன் இருபதில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு லாரி அவனைத் தாண்டிப் போனது. அந்த வேகத்துக்கு எஞ்சின் அலற வேண்டும். அலறவில்லை. தார்ப்பாய் படபடக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லாத வண்டிதான் அப்படி ஓடும். ஸ்டியரிங்கில் சென்றாயன் இருந்தான்.

கீழே வளைவில் மூன்று கட்டை வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சென்றாயனின் பிரேக் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, வண்டி நிற்கவில்லை. பின்சக்கரங்களிலிருந்து நீலப் புகை கிளம்பியது. கடைசியில் அவன் இடப்பக்கம் மண்மேட்டில் ஏற்றி உரசி நிறுத்தினான். சோப்புப் பெட்டிகள் சாலையில் சிதறின. மாட்டு வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கங்கப்பன் இறங்கி ஓடினான். சென்றாயன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு நாளா பதிமூணு, கங்கண்ணா. எங்க போவுதுன்னே தெரியல. இன்னிக்கித்தான் மொத தடவ நியூட்ரல்ல வுட்டன்." சிதறிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தான். "நீ சொல்லிட்டா எனக்கு வேல இல்ல."

கங்கப்பன் அன்று சொன்ன பொய் இப்போது நிஜமாகிக் கண் முன்னால் கிடந்தது. போய்ச் சொன்னால் போதும், வேலை அவனுடையது. மூன்று நாளைக்கு முன்னால் இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். கட்டை வண்டிக்காரர் ஒருவர் மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தபடி இருவரையும் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் வைக்கோல்மேல் ஒரு பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் எங்கயும் போவல" என்றான் கங்கப்பன். "வா, காட்டறன்."

யார்டில், எல்லோருக்கும் முன்னால், அவன் தன் வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தி குச்சி விடச் சொன்னான். பன்னிரண்டு. அதே வண்டியைத் திருப்பி நிறுத்தினான். பதின்மூன்று. பிறகு சம்பங்கியைக் கூப்பிட்டு, இருபத்தைந்து குடுவைக் கணக்கைச் சொல்லவைத்தான். கோவிந்தன் தானே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது ஓடுவதை நின்று பார்த்தார்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு நாளா தெரியும்யா."

"நியூட்ரல்ல வந்தான்னு அன்னிக்கிச் சொன்னியே?"

"நான் பாக்கலய்யா. பொறாமையில சொன்னன்."

"இன்னிக்கி நான் வுட்டன்யா" என்றான் சென்றாயன், யாரும் கேட்காமலே.

கோவிந்தன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒருத்தன் மண்டையில சரிவு, ஒருத்தன் காலுல சரிவு. ஒண்ணாந்தேதி ரெண்டு பேருக்கும் வேல நிரந்தரம் ஆவாது. இன்னும் மூணு மாசம் சோதன. அதுக்கப்பறம் பாக்கலாம்."

இன்னும் மூன்று மாதம் சென்றாயன் பக்கத்திலேயே இருப்பான் என்று நினைத்தபோது கங்கப்பனுக்குப் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பத்தான் செய்தது. ஆனால் கோவிந்தன் குச்சியை அவன் கையில் கொடுத்து, இனி எப்படி அளக்கலாம், நீயே சொல் என்றார்.

"யார்டுக்குள்ள அளக்கக் கூடாதுய்யா. எட்டு வண்டியையும் கேட்டுக்கு வெளியில, ரோட்டோரம் சமதளமா இருக்கற எடத்துல, ஒரே பக்கம் பாக்க நிறுத்தி, அங்கயே குச்சி வுட்டுப் பாத்துட்டு, அப்பறம் உள்ள வுடணும்."