அபிதகுஜாம்பாளின் மூக்கு

மொட்டை மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவந்த செல்வமேரி, அடுப்பைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டாள். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அடுப்பின் திருகு மட்டும் முழுசாகத் திறந்தே கிடந்தது. எவ்வளவு நேரமாக? ஏசுவே, யாருக்குத் தெரியும்! பாழாய்ப்போன கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். மூக்கு இருந்தும் இல்லாத கதை.

அடுப்பை மூடினாள், சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள். எந்த சுவிட்சையும் தொடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகள் ஏஞ்சலை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஓடியவள் அப்படியே நின்றாள். கார்த்திகை மாதம். எதிர் வீட்டு அபிதகுஜாம்பாள் தினமும்போல வாசற்படியில் குனிந்து அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தீப்பெட்டி. இரண்டு வாசலுக்கும் நடுவே நாலடிதான். கேஸ் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும் என்று சிலிண்டர் போடுகிறவர் சொன்னது செல்வமேரிக்கு நினைவு வந்தது.

"ஆன்ட்டி, விளக்கு ஏத்தாதீங்க! கேஸ் லீக் ஆயிருக்கு!"

கிழவி நிமிரவே இல்லை. எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோவளத்து அம்மா வீட்டுக் கருவாட்டை இவள் பால்கனியில் காயப்போட, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று ஃபிளாட் அசோசியேஷன் வரைக்கும் போன புண்ணியவதி அவள். சிட்லபாக்கத்திலேயே தன் மூக்கு மாதிரி மூக்கு கிடையாது என்று பீற்றிக்கொள்வாள்.

"எனக்கு ஒரு வாசனையும் வரல. என் மூக்குக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"என் மூக்கு வேலையே செய்யாது ஆன்ட்டி! அதனாலதான் உயிர் போகுது. கும்பிடுறேன், புள்ள இருக்கா!"

"விளக்கு வைக்கிற நேரத்துல கத்தாத. போ." குச்சியை எடுத்துவிட்டாள்.

மானமாவது, மரியாதையாவது! செல்வமேரி ஏஞ்சலைக் கீழே உட்காரவைத்துவிட்டுப் பாய்ந்து கிழவியின் கையைப் பிடித்து முறுக்கினாள். கண்ணாடி வளையல் நொறுங்கியது. அகல் கவிழ்ந்து எண்ணெய் ஏஞ்சலின் கவுனில் கொட்டியது. ஏஞ்சல் வீறிட்டாள். "விடுடி, கொலைகாரி!" என்று கிழவி அலற அலறத் தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டாள்.

அந்நேரம் கீழேயிருந்து வாட்ச்மேன் துலுக்காணத்தின் குரல் வந்தது. "இன்னாமா மேல? படி பூரா கேஸ் நாத்தம் அடிச்சிகினு கீது! யாரும் நெருப்பு வெக்காதீங்கோ, எறங்கி வாங்கோ!"

அபிதகுஜாம்பாள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். முகம் வெளிறிப்போனது.

கீழே கேட்டோரம் வந்து நின்ற பிறகு கிழவி சொன்னாள். "எனக்கும் ரெண்டு வருஷமா ஒண்ணும் தெரியலம்மா."

"அப்போ கருவாடு?"

"காயறதக் கண்ணால பார்த்தேன்." கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையனுக்குத் தெரிஞ்சா வீட்டைப் பூட்டிட்டு என்னைப் புனேவுக்கு இழுத்துட்டுப் போயிடுவான். நாலு சுவத்துக்குள்ள செத்துடுவேன். சொல்லிடாதம்மா, உன் காலைப் பிடிக்கிறேன்."

செல்வமேரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஏஞ்சலின் கவுனிலிருந்து அகல் எண்ணெய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லத்தான் போறேன் ஆன்ட்டி. இன்னிக்கே சொல்லுவேன்" என்றாள் அழுதுகொண்டே. தீப்பெட்டியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.