எதுவும் இடாத தட்டு

சுந்தரவல்லி அதிகம் பேசமாட்டாள். அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பேராசிரியர் வேதாந்தத்துக்கு வசதியாக இருந்தது. அப்படித்தான், தார் இளகும் மயிலாப்பூர் வெயிலில், உதகைக்கும் மேலே குளிரில் வளரும் புல்லைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்ய நேர்ந்தது.

புல்லை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு தட்டுகள். ஒன்றுக்கு அடியில் சூடேற்றும் கம்பி. ஒன்றுக்கு யூரியா. ஒன்றுக்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் கிடையாது. மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவே அது இருந்தது. மலை மண் குளிரில் கரியைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது. உலகம் சற்றுச் சூடானால் அதை மூச்சாக வெளியே விட்டுவிடுமா? தழைச்சத்து கூடினால் புல் செழித்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமா? இதுதான் கேள்வி. மாலையில் ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு தகர டப்பாவைக் கவிழ்ப்பாள். உள்ளே வைத்த காரக் கரைசல் இரவெல்லாம் எவ்வளவு கரியமில வாயுவைக் குடித்திருக்கிறது என்று காலையில் அளப்பாள்.

"ஊரே வெந்துக்கிட்டு கெடக்கு. நீ புல்லுக்குச் சூடு வச்சுப் பாக்கியாக்கும்?" என்பார் அவள் அப்பா பொன்ராஜ். தி. நகரில் அவருக்கு ஜவுளிக்கடை. கோவில்பட்டி மாப்பிள்ளை வீட்டார் ஆவணி வரை பொறுத்திருக்கச் சம்மதித்திருந்தார்கள். பட்டம் வாங்காமல் கோவில்பட்டி போனால் மறுபடி ஆய்வுக்கூடத்தை மிதிக்க முடியாது என்று சுந்தரவல்லிக்குத் தெரியும்.

நல்லவேளையாக ஒரு அதிசயம் நடந்தது. எதுவும் இடாத தட்டுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக மூச்சு விட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மட்டும் சட்டென்று அடங்கி, மறுநாளே பழையபடி எழுந்தது.

"உலகமே சூடுன்னு கத்திண்டிருக்கு. நம்ம மண்ணு குளிர்லன்னா பொங்கறது!" என்றார் வேதாந்தம். "அந்த இறக்கம் இருக்கே, அது சந்திரனோட சம்பந்தப்பட்டது. வளர்பிறையில ஒண்ணு, தேய்பிறையில ஒண்ணு."

டில்லி மாநாட்டில் படிக்கக் கட்டுரை தயாராயிற்று. அங்கே குளிருமென்று யாரோ சொல்ல, அந்த வெயிலில் வேதாந்தம் பாண்டி பஜாரில் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். சுந்தரவல்லியின் ஆய்வேடும் ஆவணிக்குள் முடிந்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் மதியம், சாப்பிடப் போனவள் பர்ஸை மறந்து திரும்பி வந்தாள். கல்லூரியில் ஏர்கண்டிஷனர் இருந்த ஒரே அறை புல்லுடையது. உள்ளே வேதாந்தம் சாப்பிட்டு முடித்து, டம்ளரில் மிச்சமிருந்த மோரை நான்காவது தட்டில் வேரைச் சுற்றி நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பாவம், இதுக்கு மட்டும் நீ ஒண்ணுமே போடறதில்லே. மத்ததுக்கெல்லாம் சூடோ யூரியாவோ ஏதோ ஒண்ணு கிடைக்கறது. ஆத்துல கறிவேப்பிலைக்கு மோர் விட்டா எப்படித் தழைக்கறது தெரியுமோ?"

"எத்தனை நாளா சார்?"

"தினமும்தான். ஞாயித்துக்கிழமைகூட இங்கேதானே சாப்பாடு, ஆத்துல ஒரே புழுக்கம். ஏகாதசி அன்னிக்கு மட்டும் கிடையாது. அன்னிக்கு நான் சாப்பிடறதில்லே."

அவள் பர்ஸை எடுத்துக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும். அந்த மௌனத்தையும் அவர் சம்மதமாக எடுத்துக்கொள்வார். டில்லியில் கைதட்டுவார்கள், அவளுக்குப் பட்டம் வரும். மண் ஒருபோதும் யாரிடமும் போய்ச் சொல்லாது.

"சார், அது மோரோட மூச்சு."

வேதாந்தம் டம்ளரைப் பார்த்தார். பிறகு தட்டை.

"அப்போ சந்திரன்?"

"ஏகாதசி சார்."

வேதாந்தம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மத்த மூணுக்கும் மோர் விட்டா சமமாயிடாதோ?"

"ஆகாது சார். புதுசா மண்ணு எடுத்துட்டு வந்து முதல்லேருந்து செய்யணும். ஒரு வருஷம் ஆகும். இந்த அறைச் சாவியும் என்கிட்ட இருக்கட்டும்."

டில்லிக்குப் போகவில்லை என்று எழுதிவிடுவதாக அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதில் அவருக்கு அவ்வளவு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சாவியைத்தான் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் எங்கேம்மா உக்காந்து சாப்பிடறது?"

அவள் கையை நீட்டினாள். சாவி வந்து சேர்ந்தது.

சாயங்காலம் கடையில், புடவை மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை நின்றது.

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுப்பா."

"பொறவு எதுக்குச் சொன்ன?"

அவர் அந்தப் புடவையை மடித்து முடித்து, இன்னொன்றையும் மடித்தார். அதைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ஒரு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கப்படாது. மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"புல்லு பட்டுப்போச்சுன்னு சொல்லுதேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மோரால கெட்டுச்சுன்னு மட்டும் நீ வாயைத் திறந்துராத, தாயி. அவுக பால் வியாபாரம்."