முன்னங்காலின் இரண்டு பொத்தான்கள்

காலை பத்தரைக்குள் அந்த ஷாட் சென்னையிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. மலைச்சரிவில் இறங்கும் காட்டெருமை இடது முன்னங்காலைத் தூக்க வேண்டிய இடத்தில் வலது காலைத் தூக்கியது. ஊன்றியிருக்க வேண்டிய கால் தரைக்குள் புதைந்து போனது.

"குகனோட ஆறு ஷாட்டையும் புவனாகிட்ட குடுத்துருங்க," என்றார் செல்வமுருகன். "திங்கக்கிழமையிலருந்து அவன் வர வேணாம். நாலு மணிக்கு, படம் குடுத்த சென்னைக்காரங்க வீடியோ கால்ல வருவாங்க. அதுக்குள்ள எவ்வளவு முடியுதோ முடியட்டும்."

கொடைக்கானல் ஏழு ரோட்டுக்கு அருகே, ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அந்த அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு அவர்தான் முதலாளி. எதிரே நின்ற அஸ்ஃபியா ரிக் செய்பவள். கணினியில் வடித்த உருவத்துக்குள் எலும்புகளைப் பொருத்துவதும், அந்த எலும்புகளை அசைக்கத் திரையில் ஒரு பொத்தான் பலகை செய்து கொடுப்பதும் அவள் வேலை. பேனல் என்பார்கள். குகனும் புவனாவும் இன்னும் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் மாட்டை நடக்க வைத்தார்கள்.

அஸ்ஃபியாவால் "சரி சார்" என்று சொல்ல முடியவில்லை. முந்தின நாள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவள்தான் எழுதியிருந்தாள்: 'ரிக்கில் பிழை இல்லை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவு.' கோபத்தில் தட்டிய வரி. அதை வைத்து ஒருவனின் வேலை போகிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

"அரை மணி நேரம் குடுங்க சார். அவன் பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு வர்றேன்."

"பாத்து என்ன ஆகப்போகுது? வெரசா முடிங்க."

குகன் மன்னவனூர்க்காரன். இருபத்தாறு வயது. வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் வந்துவிடுவான், யாரிடமும் எதையும் கேட்க மாட்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவன் தோள்கள் இறுகின.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ பாட்டுக்குச் செய்."

அவன் ஒரு பொத்தானை அமுக்கினான். மாட்டின் காலை லேசாக அசைத்துப் பார்த்தான். ரத்து செய்தான். பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். ஒவ்வொரு அடிக்கும் இதே கதை. அவசரத்தில் ஓரிடத்தில் ரத்து செய்ய மறந்தான், தவறான காலின் அசைவு அப்படியே பதிவாகிவிட்டது.

போன வாரம் வரை அவன் இப்படித் தடுமாறியதில்லை. அப்போது இருந்தது பழைய பேனல். இடது கால்கள் இடப்பக்கம், வலது கால்கள் வலப்பக்கம், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. திங்கட்கிழமை அவள்தான் எல்லாவற்றையும் நடுவில் ஒரே கொத்தாகச் சேர்த்து, எழுத்துகளை எடுத்துவிட்டாள். இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை. அழகாக இருக்கிறது என்று செல்வமுருகன்கூடப் பாராட்டினார்.

அஸ்ஃபியா திரைக்கு அருகே குனிந்தாள்.

"முன்னங்காலுக்குச் சிவப்பை அமுக்கு, குகன்."

அம்புக்குறி இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒன்றை அமுக்கினான்.

"அது பச்சை."

அவன் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். புவனா இரண்டு மேசை தள்ளி இருந்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றான். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ரயில்வே பரீட்சை பாஸாகி, கண்ணு டெஸ்ட்ல வெளிய அனுப்பிட்டாங்க. கலர் தெரியாதவனுக்குப் படத்துல என்ன சோலின்னு இங்கயும் கேப்பாங்க."

"திங்கக்கிழமையே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிக்கா? பேனல மாத்துங்கன்னா ஏன்னு கேப்பீங்கல்ல."

கேட்டிருப்பாள்தான். மாற்றவும் மறுத்திருப்பாள்.

செல்வமுருகனின் அறைக்குள் அவள் நுழைந்தபோது மணி பதினொன்றேகால்.

"சார், தப்பு என்னோடது. புது பேனல்ல இடது வலது சரியாத் தெரியல."

"அப்ப மத்த மூணு பேரும் எப்படிச் செய்றாங்க?"

அவள் பின்னாலிருந்த கதவைச் சாத்தினாள்.

"சொல்லும்மா. நேத்து நீதான் அவனக் கவனக்குறைவுன்னு எழுதுன."

"எழுதுனது தப்பு. இதுக்கு மேல நான் சொல்ல முடியாது சார். நாலு மணிக்குள்ள அவன் ஷாட்டு சரியாகலன்னா சென்னைக்காரங்ககிட்ட என் பேரச் சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். "அடுத்த படத்து ரிக்கும் ஒங்கிட்டதான் குடுக்கிறதா இருந்தேன். பாத்துக்க."

அவள் இருக்கைக்கு ஓடினாள். பொத்தான்களை மறுபடி இருபுறமும் பிரித்தாள். இடதுக்கு வட்டம், வலதுக்குச் சதுரம். உள்ளே 'இ', 'வ'. நீலமும் மஞ்சளும் போட்டு, குகனை அழைத்து, "பிரிச்சுத் தெரியுதா?" என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தான். ஆனால் பயம் வேறிடத்தில் இருந்தது. பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களில் ஒன்று மாறினாலும் மற்ற மூவரின் ஷாட்டுகளும் உடைந்துவிடும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றேகாலுக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தி ஓய்வதற்குள் சேமித்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே சாலை தெரியாத மூடுபனி. நாற்பது நிமிடம் யாரும் சாப்பிடவும் போகாமல் இருட்டுத் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்ட் வந்து பேனல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால்.

"இது நல்லாருக்கே," என்றாள் புவனா. "நானும் இத்தன நாளா அசைச்சு அசைச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்குனேன்."

"ஏன் சொல்லல?"

"எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன்க்கா."

குகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கை இப்போது தயங்கவில்லை. ரத்து செய்வதே இல்லை. மூன்று மணிக்கு இரண்டு ஷாட். மூன்றரைக்கு நான்கு. ஐந்தாவது முடியும்போது சென்னைக்காரர்கள் திரையில் வந்துவிட்டார்கள்.

ஐந்து ஷாட்டும் ஒரு குறையும் இல்லாமல் போயின. ஆறாவதில் மாடு சறுக்கியது.

"இது என்ன சார், நாங்க சொன்ன பழைய கரெக்‌ஷன் அப்படியே இருக்கு?" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர்.

செல்வமுருகன் அஸ்ஃபியாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் குகன் எழுந்து நின்றான்.

"அது என் ஷாட்டுங்க. முடிக்க நேரமில்ல. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. அத மறைச்சது நான்தான். இப்ப பேனல மாத்திக் குடுத்துட்டாங்க, சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுவேன்."

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமும் ஒலி.

"சரி, அனுப்புங்க. அடுத்தது பாக்கலாம்."

வீடியோ கால் முடிந்ததும் செல்வமுருகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "மொதல்ல எங்கிட்டல்லப்பா சொல்லணும்? ஊரான் முன்னாடியா சொல்லுவ?" பதிலுக்கு நிற்காமல் கதவு வரை போனவர், அங்கேயே நின்றார். "ஷாட்ட முடிச்சுட்டு வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை வெள்ளனே வந்துரு."

அஸ்ஃபியாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த படத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

குகன் ஆறாவது ஷாட்டைத் திறந்தான். பிறகு மாட்டை நான்கு அடி நடக்கவைத்துவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? பின்னங்கால் பட்டன் ரொம்பச் சின்னதாக் கெடக்கு."

அவள் நாற்காலியை அருகே இழுத்தாள். "எவ்வளவு பெருசு வேணும், காட்டு."

அவன் திரையில் கட்டைவிரலை வைத்துக் காட்டினான்.